கிளிநொச்சி நீதிமன்றத்தில் உதவிய சட்டத்தரணித் தங்கச்சிக்கு நன்றி

பரந்தனில் இருக்கும் அம்மாவின் காணி வழக்குக்கு நாங்கள் பிடித்த சட்டத்தரணி, முழுக் காசையும் வாங்கிவிட்டுத் தவணைக்கு வருவதில்லை. காணி உறுதிப் பத்திரமும் அவர் கையில். அன்றும் வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். வெளியே வாங்கில் அழுதுகொண்டிருந்தேன்.

நீங்களாக வந்து பக்கத்தில் இருந்தீர்கள் தங்கச்சி. கோப்பை ஒவ்வொரு தாளாக வாசித்தீர்கள். அந்தச் சட்டத்தரணியைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை, அது எனக்குப் பெரிதாகப் பட்டது. சட்டத்தரணியை மாற்றக் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு, உறுதியை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது என்று அம்மாவுக்கும் விளங்கும்படி சொன்னீர்கள். கடிதத்தையும் நீங்களே எழுதித் தந்தீர்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. பெயர் கேட்க முதல் உங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உறுதி கைக்கு வந்துவிட்டது தங்கச்சி. அம்மா உங்களைப் பார்க்க வேண்டுமாம். தெரிந்தவர்கள் இதை அவவிடம் சேர்த்துவிடுங்கள்.