திருமயத்துப் பத்திரங்கள் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். யாங்கோனில் மழை இன்னும் விட்டபாடில்லை. போனில் பேசினால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் உனக்கு ஓய்வாக இருக்கும்போது நிதானமாகப் படி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். திருமயத்து அண்ணன்மார் அனுப்பச் சொன்ன பவர் பத்திரத்தில் நீ கையெழுத்துப் போடாதே. சென்னையில் யாரோ ஒரு புரோக்கர் பர்மா நிலத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறாராம். பத்து காசு கொடுக்க வேண்டாம். ஏன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், நீ அனுப்பிய படங்களில் உள்ள காகிதங்கள் எதற்காக எழுதப்பட்டவை என்று தெரிய வேண்டும்.

பெரிய முத்திரை போட்ட அந்த இங்கிலீஷ் காகிதம் சக்செஷன் சர்டிபிகேட், அதாவது இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வசூலிக்க வாரிசுக்குக் கொடுக்கும் சான்று. உன் பூட்டனார், அதாவது என் அப்பாவைப் பெற்ற எங்கள் ஐயா, 1934-ல் இங்கே பெகுவில் காலமானார். அவர் சொத்தில் பெரும்பங்கு நிலம் இல்லை, புரோநோட்டு, கடன் வாங்கியவர் எழுதிக்கொடுக்கிற சீட்டு. நெல் அறுப்புக்கு முன்னால் விவசாயிக்குக் கடன் கொடுத்து, அறுப்பு முடிந்ததும் வசூல் செய்கிற கொடுக்கல் வாங்கல். 1930-ல் நெல் விலை விழுந்த பிறகு பாதிப் பேரால் கட்ட முடியவில்லை. ஆள் இறந்துவிட்டால் அந்த நோட்டை வைத்து மகன் நேரே வழக்குப் போட முடியாது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சர்டிபிகேட்டைக் கோர்ட்டில் காட்டினால்தான் கடன்காரன் மீது டிக்ரி கிடைக்கும். கூட்டுக் குடும்பப் பணம் என்றால் இது வேண்டியதில்லை. ஐயாவுடையது சுயசம்பாத்தியம்.

இதில்தான் வேடிக்கை. காரைக்குடிக்காரர் ஒருவர் பர்மாவில் இறந்திருந்தால், அவர் மகன் ராமநாதபுரம் ஜில்லா கோர்ட்டில் சர்டிபிகேட் வாங்கியிருப்பார். அது பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் செல்லும், கடலுக்கு இப்பால் ரங்கூனிலும் செல்லும். அப்போது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம்தானே. ஆனால் திருமயம் புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் போய்வருகிற தூரம், சட்டத்தின் கண்ணுக்கு அந்நிய ராஜ்யம்! சமஸ்தானத்துக் கோர்ட் கொடுக்கிற காகிதம் ரங்கூனில் தானாகச் செல்லாது. அதற்கென்று சட்டத்திலேயே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள், 382. அந்நிய ராஜ்யத்தில் இருக்கிற பிரிட்டிஷ் பிரதிநிதி சர்டிபிகேட் கொடுத்து, அதற்குரிய கோர்ட் ஸ்டாம்பும் ஒட்டிவிட்டால், அது பிரிட்டிஷ் இந்தியக் கோர்ட்டே கொடுத்ததற்குச் சமம். புதுக்கோட்டைக்கு முன்பெல்லாம் திருச்சி கலெக்டர்தான் பொலிட்டிகல் ஏஜென்ட். 1923-க்குப் பிறகு திருவனந்தபுரத்தில் உட்கார்ந்திருந்த கவர்னர் ஜெனரலின் ஏஜென்ட் பார்வைக்கு அது மாறிப்போனது. நீ அனுப்பிய காகிதத்தின் மேல் 'திருவனந்தபுரம்' என்று இருப்பதைப் பார்த்து, 'நமக்கு மலையாளத்தில் யாராவது சொந்தமா?' என்று கேட்டிருந்தாயே, விஷயம் இவ்வளவுதான். பெகு விவசாயி வாங்கிய கடனை வசூலிக்கத் திருமயத்துப் பையன் திருவனந்தபுரத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது.

அந்தப் பையன்தான் என் பெரியப்பா, ஐயாவின் திருமயத்து மனைவிக்குப் பிறந்தவர். அவர் அந்தக் காகிதத்தோடு கப்பலேறி ரங்கூன் வந்து, ரயிலில் பெகு வந்து இறங்கியபோது ஐயாவின் வீட்டில் என் அப்பாயி இருந்தார். கைக்குழந்தையாக என் அப்பா. அப்பாயி பர்மியப் பெண் என்பது உனக்குத் தெரியும். அவர் சட்டத்தில் யார் என்பது உனக்குத் தெரியாது.

1898-ஆம் வருஷத்து பர்மா சட்டங்கள் ஆக்ட் 13-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், கல்யாணம், வாரிசு விவகாரங்களில் புத்தமதக்காரருக்குப் புத்தமதச் சட்டம், முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டம், இந்துவுக்கு இந்துச் சட்டம். புருஷன் இந்து, பெண்டாட்டி பௌத்தம் என்றால்? இந்துச் சட்டப்படி அது கல்யாணமே இல்லை என்றுதான் இங்கே கோர்ட்டுகள் சொல்லிவந்தன. 1923-ல் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டைத் திருத்தி, இந்துவும் பௌத்தரும் மதத்தை விடாமலே பதிவு செய்து கட்டிக்கொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். ஆனால் உயிரோடு ஒரு மனைவி இருப்பவனுக்கு அந்த வழி அடைப்பு. ஐயாவுக்குத் திருமயத்தில் மனைவி இருந்தார். பர்மிய வழக்கப்படியோ, ஊரறிய ஒன்றாகக் குடியிருந்து சாப்பிட்டாலே புருஷன் பெண்டாட்டி. சேர்ந்து சம்பாதித்ததில் அவளுக்கும் பங்கு, மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. ஒரே வீட்டுக்குள் அப்பாயி அவருடைய சட்டப்படி மனைவி, ஐயாவின் சட்டப்படி யாரோ.

இதைச் சரிசெய்ய இங்கே பர்மியர்கள் வருஷக்கணக்கில் கூச்சல் போட்டு, 1939-ல் பௌத்தப் பெண்களுக்கான விசேஷத் திருமண, வாரிசுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. இந்தியர்கள் மேல் இருந்த கோபமும் அதில் கலந்திருந்தது, மறைப்பானேன். எப்படியும் அப்பாயிக்கு அது காலம் கடந்து வந்த சட்டம்.

ஏழை வீட்டுக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்காதே. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். மகனும் பிறந்தான். பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் பெண்ணை ராணியாக ஒப்புக்கொள்ளவில்லை, பிள்ளையை வாரிசாகவும் ஏற்கவில்லை. ராஜா 1928-ல் பாரிஸில் இறந்ததும், குடும்பத்தின் வேறு கிளையிலிருந்து ராஜகோபாலத் தொண்டைமானைச் சிறுவனாகவே பட்டத்தில் உட்கார வைத்தார்கள். ராஜாவின் மனைவியும் எங்கள் அப்பாயியும் ஒரே சர்க்கார் கச்சேரியின் கோப்புகளில் விலக்கப்பட்டவர்கள். அப்பாயிக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

இனி அந்த இரண்டாவது காகிதம், விடுதலைப் பத்திரம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் பர்மிய எழுத்து. அதில் அப்பாயி 'பெகுவில் காலஞ்சென்றவர் வீட்டில் இருந்துவரும் ஸ்திரீ' என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறார். நோட்டுப் பணம் எதிலும் தனக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். பதிலுக்குக் குடியிருந்த மனையும், அவர் தன் ஆளோடு இறங்கி நடவு போட்டுவந்த ஆறு ஏக்கரும் அவருக்கு. கீழே வட்ட வட்டமாக அவர் கையெழுத்து. பக்கத்தில் பெரியப்பா கையெழுத்து, பேனா அழுந்தி மை ஊறியிருக்கிறது. பெரியப்பாவை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சட்டம் அவரை ஒன்றும் கொடுக்கச் சொல்லவில்லை, அவர் கொடுத்தார். ஆனாலும் 'ஸ்திரீ' என்று எழுதச் சொன்னவரும் அவர்தானே.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 'பிரிட்டிஷ் இந்தியா முழுவதும்' என்ற வார்த்தைக்குள் ரங்கூன் இல்லாமல் போயிற்று. அதே ஏப்ரல் 14-ல் இந்தியாவில் இந்து விதவைகளுக்குப் புருஷன் சொத்தில் பங்கு தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வார வித்தியாசத்தில் பர்மா அதற்கு வெளியே போய்விட்டது. அதுவரை ஜில்லா கோர்ட் குமாஸ்தா பார்த்த சங்கதிகளைப் பிறகு இரண்டு சர்க்கார்கள் பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. ரங்கூனில் இந்திய சர்க்கார் தனக்கென ஒரு ஏஜென்டை வைத்தது, 1941-ல் குடியேற்ற ஒப்பந்தம் போட்டார்கள். அந்த டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். வசூலாகாத நோட்டுகள் அதோடு வெறும் காகிதம். 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. உள்ளூரில் இல்லாத சொந்தக்காரர்களின் நிலம் போயிற்று, உழுகிறவர்களுக்கு ஒரு அளவு வரை விட்டுவைத்தார்கள். அப்பாயி உழுதுகொண்டிருந்தார், உள்ளூர்க்காரி. அந்த ஆறு ஏக்கரில் விளைந்த நெல்லில்தான் நான் வளர்ந்தேன். திருவனந்தபுரத்து முத்திரை வைத்திருந்தவருக்கு ஒரு மரக்கால்கூட வரவில்லை.

இப்போது புரோக்கர் நம்பியிருக்கிற காகிதங்களைப் பார். சக்செஷன் சர்டிபிகேட் கடனுக்குத்தான், நிலத்துக்கு அது பத்திரமே இல்லை. கடன்பட்டவர்களோ இறந்து மூன்று தலைமுறை ஆகிறது. இதை எந்த வக்கீலும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார், உங்கள் ஆபீஸில் யாரையாவது கேள்.

அண்ணன்மாரோடு மனஸ்தாபம் வேண்டாம். இத்தனை வருஷம் கழித்து நம்மைத் தேடிப்பிடித்திருக்கிறார்கள், அது சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் தயாரித்த வம்சப் பட்டியலில் ஐயாவுக்கு நேரே ஒரே மனைவி. அதன் கீழே என் அப்பா பெயர், தாய் பெயர் இல்லாமல் தொங்குகிறது. அப்பாயியின் பெயரைப் பர்மிய எழுத்திலும் தமிழிலும் தனித்தாளில் எழுதிப் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். 'ஸ்திரீ' என்றோ 'இரண்டாவது' என்றோ அடைமொழி எதுவும் இல்லாமல் மனைவி என்று போட்டுப் பட்டியலைத் திருத்தி அனுப்பச் சொல். திருத்தினால் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது திருமயத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வா. பவர் மட்டும் கிடையாது.

அம்மா உனக்கு நம் பர்மா மீன் விழுது நாப்பி அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். விமானத்தில் அந்த வாசனையை வைத்துக்கொண்டு யார் வருவார்கள் என்று கேட்டால் கோபம் வருகிறது. யாராவது வருகிறார்களா என்று நீயும் விசாரி.

அன்புடன்,
அப்பா