49 நாடுகளுக்கும் கதை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தையும் அதன் 49 நாடுகளையும் பற்றிச் சென்ற இதழின் சிறுவர் பகுதியில் வந்த கட்டுரையை என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பாதியிலேயே, "தாத்தா, இது நூமெனோர் மாதிரியே இருக்கே" என்றாள். ஆங்கில எழுத்தாளர் டோல்கின் தம் கற்பனை உலகில் படைத்த தீவு அது. ஐந்து முனை நட்சத்திர வடிவம், நடுவில் ஒரு புனித மலை. மேற்குக் கடலில் போகக்கூடாத எல்லையைத் தாண்டிக் கடைசி அரசன் படையெடுத்ததும் கடல் அந்தத் தீவையே விழுங்கிவிடும். எலெண்டிலும் அவன் மக்களும் ஒன்பது கப்பல்களில் தப்பிக் கரைசேர்ந்து புது அரசுகளை நிறுவுவார்கள். அந்த அரசர்களின் பெயர் வரிசை பேத்திக்கு மனப்பாடம்.

அப்புறம் கேட்டாள்: "நம்ம 49 நாட்டுல என்னதான் நடந்துச்சு?" முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். நாடுகளின் பெயரைத்தான் சொல்ல முடிந்தது.

அந்தப் பெயர்களே எவ்வளவு அழகு! பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே எழுநூறு காவதம் (பழைய தூர அளவு) பரந்த நிலம் என்கிறார் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார். தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, முன்பாலை ஏழு, பின்பாலை ஏழு, குன்ற நாடு ஏழு, குணகாரை ஏழு, குறும்பனை ஏழு. பின்பாலைக்காரன் குணகாரைக்கு எந்த வழியாகப் போனான், எதை விற்றான், எந்த ஊரில் பெண் எடுத்தான்? ஒரு வரி கிடையாது. முச்சங்க வரலாற்றைச் சொல்லும் பழைய உரைநூலான இறையனார் களவியல் உரையும் கணக்கைத்தான் தருகிறது. கடல்கொண்ட மதுரையில் முதற்சங்கம் 4440 ஆண்டு, கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டு, நம் மதுரையில் கடைச்சங்கம் 1850 ஆண்டு. சங்கம் நடத்திய பாண்டியர் மொத்தம் 197 பேர். பஃறுளி ஆற்று மணலைவிடப் பல ஆண்டு வாழ்க என்று புறநானூற்றில் புலவர் நெட்டிமையார் பாண்டிய மன்னன் முதுகுடுமியை வாழ்த்துகிறார். அந்த மணலில் விளையாடிய ஒரு பிள்ளையின் கதையாவது நம்மிடம் இருக்கிறதா?

உங்கள் கட்டுரையில் இதற்கெல்லாம் ஒரே ஒரு பத்தி. மீதி முழுவதும் 'அறிவியல் நிரூபித்த வரலாறு' என்ற வாதம். அது சரியல்ல. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்பது மடகாஸ்கர் விலங்குகளுக்கும் இந்திய விலங்குகளுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்க 1864-இல் ஆங்கில விலங்கியலாளர் ஸ்க்ளேட்டர் சொன்ன யூகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அறிவியலுக்கு அந்த மூழ்கிய நிலம் தேவைப்படவில்லை. வரலாறு வேண்டும் என்றால் பஸ் ஏறினால் அகழாய்வு நடந்த கீழடி. பானை ஓட்டில் கீறிய 'ஆதன்' என்ற பெயரைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். கபாடபுரத்துக்கு அப்படிப் பானை ஓடோ செங்கலோ தேட வேண்டாம். அது நம் முன்னோர் சொல்லிவைத்த பெருங்கதை. கதை என்று சொல்வதால் அதற்கு ஒரு குறைவும் இல்லை. வரலாறு என்று வாதாடப் போய்த்தான் அந்தக் கதையைச் சொல்லவே மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் இந்த 49 நாடுகளை வைத்து ஒரு தொடர்கதை போடுங்கள். கற்பனை என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு, மலை, வழித்தடம் எல்லாம் குறித்த வரைபடம் ஒன்றை நடுப்பக்கத்தில் கொடுங்கள். முதல் அத்தியாயம் குறும்பனை நாட்டில்தான் தொடங்க வேண்டும் என்று பேத்தி எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
செல்லூர், மதுரை.