வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் கணினியில் முடிக்க வேண்டிய செயல்திட்டம் கொடுத்திருக்கிறோம். அதையொட்டி, “வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?” என்று வகுப்பாசிரியர்களிடம் பலரும் கேட்டு வருகிறீர்கள். கணினி அறிவியல் ஆசிரியர்களோடு கலந்து பேசி இந்தப் பதிலை எழுதுகிறோம்.

பெரும்பாலான வீடுகளில் எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலுமே மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் சேர்ந்தே வருகிறது. தனிக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்து ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கிறது. அதில் டிஃபெண்டர் பலமுறை 18க்கு 18 வாங்கியிருக்கிறது. அது உங்கள் கணினியில் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டச்சு செய்து திறந்துகொள்ளுங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ என்று இருக்கும். அதற்குள் ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன், கிளவுட்-டெலிவர்ட் ப்ரொடெக்‌ஷன், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ‘ஆன்’ என்று இருக்க வேண்டும். அதோடு எழுந்துவிடாதீர்கள். அதே பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். “இந்த இடத்தைச் சோதிக்காதே” என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லிவைத்திருக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். அதில் சி டிரைவ் முழுவதுமோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ இருந்தால், திருட்டு விளையாட்டோ, பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் ‘கிராக்’ மென்பொருளோ உள்ளே நுழைந்து வழி ஏற்படுத்திக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷனை நிறுத்தினாலும் சிறிது நேரத்தில் விண்டோஸ் தானே அதை மீண்டும் இயக்கிவிடும். எக்ஸ்க்ளூஷன் அப்படியில்லை, நீங்கள் நீக்கும்வரை அங்கேயே கிடக்கும். கெட்ட மென்பொருள்கள் இந்த வழியைத் தேடுவது அதனால்தான். அந்தப் பதிவை நீக்கிவிட்டு, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ சென்று ‘மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயம். விளையாட்டை இலவசமாக இறக்கித் தருவதாகச் சொல்லும் தளங்களும் அவற்றின் வீடியோக்களும் “முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்” என்றுதான் ஆரம்பிக்கின்றன. பிள்ளைகள் அதை நிறுவல் முறையின் ஒரு படியாகவே நினைத்துச் செய்துவிடுகிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸாக இருந்தாலும், அணைத்துவிட்டால் பயனில்லை. ஆகவே பிள்ளைக்குத் தனிக் கணக்கு உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் ‘அதர் யூசர்ஸ்’, அதில் ‘ஆட் அக்கவுண்ட்’. கணக்கின் வகை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ என்று இருக்க வேண்டும். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கும் அதன் பாஸ்வேர்டும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பிறகு டிஃபெண்டரை நிறுத்த முயன்றாலும், கணினி முழுமைக்குமான மென்பொருளை நிறுவ முயன்றாலும் கணினி உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். இதைத் தண்டனையாகப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். பெரியவர்களும் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்ட் கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது.

புது லேப்டாப்பில் 30 நாளுக்கோ ஒரு வருடத்துக்கோ சோதனைப் பதிப்பாக வேறொரு ஆன்டிவைரஸ் ஏற்றப்பட்டு வருவது வழக்கம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். கெடு முடிந்ததும் அதைப் புதுப்பிக்கவும் இல்லை, நீக்கவும் இல்லை என்று அரைகுறையாக விட்டுவிடாதீர்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ சென்று அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் எழுந்துவிட்டதா என்று பாருங்கள். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தால், அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். “ஒன்றுக்கு இரண்டு இருந்தால் பலம்” என்று இரண்டு ஆன்டிவைரஸ் போடவே கூடாது. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் போட்டி போட்டுச் சோதிக்கும், ஒன்று பிடித்துவைத்ததை மற்றொன்று வைரஸ் என்று சொல்லும். 4 ஜிபி ராம் உள்ள கணினி அதில் நின்றே போய்விடும்.

சரி, காசு கொடுத்து வாங்குவது யாருக்குப் பயன்படும்? வீட்டிலேயே டேலி கணக்கு, ஜெராக்ஸ், டிசைன் வேலை என்று தினமும் வெளியாட்களின் பென்டிரைவ் செருகப்படும் கணினிக்கு. இரண்டு மூன்று கணினிகளையும் போன்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க விரும்புகிறவர்களுக்கு. கோளாறு வந்தால் போனில் உதவி வேண்டும் என்பவர்களுக்கு. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டின் சமீபத்திய முடிவுகளில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். பாதுகாப்பு மதிப்பெண்ணோடு, கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது, நல்ல ஃபைலை வைரஸ் என்று எத்தனை முறை தவறாகச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினியில் மந்தம்தான் பெரிய தொல்லை. மந்தத்தால் எரிச்சலடைந்துதான் பலரும் ஆன்டிவைரஸை அணைக்கிறார்கள்.

ஆன்டிவைரஸ், இன்டர்நெட் செக்யூரிட்டி, டோட்டல் செக்யூரிட்டி என்று ஒரே நிறுவனம் மூன்று விலையில் விற்கும். வைரஸைக் கண்டுபிடிக்கும் பகுதி பெரும்பாலும் மூன்றிலும் ஒன்றுதான். விபிஎன், ‘டியூன்-அப்’, பாஸ்வேர்ட் பெட்டி என்று கூடுதல் சாமான்களுக்குத்தான் அதிக விலை. கடையில் ஆன்டிவைரஸைப் பெட்டியாக வாங்கினால் எத்தனை கணினிக்கு, எத்தனை வருடம் என்பதைப் படியுங்கள். சாவி எண்ணை மறைத்திருக்கும் பட்டை சுரண்டப்படாமல் இருக்க வேண்டும். டெலிகிராமில் சல்லிசாகக் கிடைக்கும் சாவி வேண்டாம், பாதியில் ரத்தாகிவிடும். கார்டு மூலம் வாங்கினால் ‘ஆட்டோ-ரின்யூவல்’ என்பதை அன்றே நிறுத்துங்கள். முதல் வருடச் சலுகை விலை அடுத்த வருடம் இருக்காது.

வீட்டில் ஓடுவது விண்டோஸ் 7 என்றால், எந்த ஆன்டிவைரஸும் அதைக் காப்பாற்றாது. 2020 ஜனவரி 14 முதல் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் இல்லை, கூகுள் குரோமும் 2023-லேயே அதைக் கைவிட்டுவிட்டது. பழைய விலையில்லா மடிக்கணினிகளை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது இணையத்தில் இணைக்காமல் டைப்பிங் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் தொடர்ந்து வரும். ஆனால் விண்டோஸில் இருக்கும் ஓட்டைகள் தாமாக அடைபடாது. 2017 மே மாதம் உலகையே முடக்கிய, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கெட்ட மென்பொருள் வந்தது அப்படியொரு ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-இல் வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 11 ஏற்க முடியாத கணினியாக இருந்தால், ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் 2026 அக்டோபர் வரையிலான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதிவு செய்யுங்கள்.

இனி பென்டிரைவ். பள்ளி ஆய்வகத்துக்கும் ப்ரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் போய் வருவது அதுதான். செருகியதும் பிள்ளையின் ஃபோல்டர்களுக்குப் பதிலாக மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட படம் மட்டும் தெரிகிறதா? ஓரிரு கேபி அளவுதான் காட்டுகிறதா? அது ஷார்ட்கட் வைரஸ். சொடுக்கினால் ஃபைல்களும் திறக்கும், பின்னாலேயே வைரஸும் ஓடும். எல்லாம் சரியாகத் திறப்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. அதைத் திறக்காமல், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பென்டிரைவின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். சுத்தமான பிறகு பென்டிரைவ் காலியாகத் தெரிந்தால் பதறி ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ஃபைல்களை வைரஸ் ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ என்று மறைத்து வைத்திருக்கும்; ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ மட்டும் காட்டச் சொன்னால் போதாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள டிக்கையும் எடுத்தால்தான் தெரியும். நகலெடுத்த பின் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஃபைல் பெயரின் வால் பகுதியும் தெரிய வேண்டும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ, ஷோ, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. மாதிரி வினாத்தாள் என்று வரும் ஃபைல் ‘பிடிஎஃப்’ என்பதற்குப் பின்னால் ‘இஎக்ஸ்இ’ என்று முடிந்தால் அது வினாத்தாள் இல்லை, நிரல். அழித்துவிடுங்கள்.

“உங்கள் கணினியில் 5 வைரஸ், உடனே புதுப்பிக்கவும்” என்று திரையின் வலது கீழ் மூலையில் அடிக்கடி வருகிறதா? ஸ்கேன் செய்தால் ஒன்றும் சிக்கவில்லையா? பெரும்பாலும் அது வைரஸாக இருக்காது. ஏதோ ஒரு தளம் கேட்டபோது யாரோ ‘அலவ்’ கொடுத்திருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ சென்று தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். திரை முழுக்க எச்சரிக்கை, சைரன் சத்தம், கூப்பிடச் சொல்லி ஒரு எண் என்று வந்தால் அந்த எண்ணுக்குப் பேசாதீர்கள். உங்கள் கணினியை வேறொருவர் தூரத்திலிருந்து இயக்க வழி செய்யும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடச் சொன்னால் போடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் ப்ரவுசரை ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். பணம் போய்விட்டது என்றால் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஐகார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட சோதனை ஃபைல் கிடைக்கும். தீங்கு எதுவும் செய்யாது. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறக்கிப் பாருங்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் அது டவுன்லோட்ஸில் போய் உட்கார்ந்துகொண்டால், உங்கள் பாதுகாப்பு தூங்குகிறது.

இவற்றைச் செய்யத் தயக்கம் இருந்தால், வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு வாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் வர வேண்டும். புதிய அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை உங்கள் கையால்தான் தட்டச்சு செய்யச் சொல்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்