முதலில் காது, பிறகு கண்

அன்புள்ள வேணு,

நலம், நலமறிய ஆவல். மூன்று பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கிற பழக்கம் உன்னை இன்னும் விடவில்லை. "டாக்டர் ஹூவில் தொலைந்துபோன கதைகளை எப்படிப் பார்ப்பது? அனிமேஷனாக வந்திருக்கிற டிவிடி தட்டுகளை வாங்கினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. அனிமேஷனைக் கடைசியில் வை. முதலில் ஒலியைக் கேள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் இது. வில்லியம் ஹார்ட்னெலும் அவருக்குப் பின் பேட்ரிக் ட்ரௌட்டனும் நாயகன் டாக்டராக நடித்த முதல் ஆறு ஆண்டுகளில், 1969 வரை, மொத்தம் 253 பாகங்கள். பிபிசி அவற்றை அழித்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு தடவை அழிந்தன, இரண்டுக்கும் காரணம் வேறு. அது தெரிந்தால்தான் எது மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்பது புரியும்.

முதல் அழிவு நாடாவில். ஸ்டுடியோவில் எடுத்தது 2 அங்குல அகல வீடியோ நாடாவில் பதிவானது. அந்த நாடா விலை அதிகம், அழித்து மறுபடி பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு இருந்ததால், ஓடி முடிந்த கறுப்பு வெள்ளைப் பாகத்தை வைத்திருக்க யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. அழிப்பதற்கு முன்னால், வெளிநாட்டு விற்பனைக்காக 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு நகல் எடுத்தார்கள். தட்டையான ஒரு மானிட்டரில் நாடாவை ஓட்டி, எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிக்கும் டெலிரெக்கார்டிங் முறை அது. இன்று நம்மிடம் இருக்கிற அறுபதுகளின் பாகங்கள் அநேகமாக எல்லாமே இந்த நகல்களின் வாரிசுகள்தாம்.

இரண்டாம் அழிவு அந்த ஃபிலிமில். எழுபதுகளில் விற்பனை உரிமைக் காலம் முடிய முடிய, இனி விற்க முடியாது என்று விற்பனைப் பிரிவு தன் பிரதிகளையும் தூக்கிப் போட்டது. நாடாப் பிரிவு ஃபிலிம் இருக்கிறதென்று நினைத்தது, ஃபிலிம் பிரிவு நாடா இருக்கிறதென்று நினைத்தது. 1978 வாக்கில்தான் இது நின்றது. இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. அலமாரியில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்குப் போன பிரதிகளுக்கு மூன்று கதி உண்டு: லண்டனுக்குத் திருப்பி அனுப்புவது, அழித்துவிட்டுச் சான்று அனுப்புவது, அடுத்து வாங்கிய நாட்டுக்குத் தள்ளிவிடுவது. மூன்றையும் செய்யாமல் மறந்து போனவர்களால்தான் நமக்குப் பிழைப்பு. ஹாங்காங்கிலிருந்து 1991 கடைசியில் "தி டூம் ஆஃப் த சைபர்மென்" நான்கு பாகமும் வந்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் ஃபிலிப் மோரிஸ் கண்டெடுத்த 9 பாகங்கள் 2013 அக்டோபரில் வெளியாயின. "தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்" அதனால் முழுமையானது. "தி வெப் ஆஃப் ஃபியர்" மூன்றாம் பாகம் மட்டும் இல்லாமல் நின்றது. அப்போது 253இல் கிடைக்காமல் நின்றவை 97. ஒரு பாகம் 25 நிமிடம் என்றால் ஏறத்தாழ 285 மீட்டர் ஃபிலிம், ஒரே ஒரு தகர டப்பா. அது ஏதாவது ஒரு பரணில் கிடக்கலாம் என்ற நப்பாசை ஏன் சாகாது என்று புரிகிறதா? ஆனால் டப்பா கிடைத்தால் மட்டும் போதாது. ஈரமும் வெப்பமும் பட்ட அசெட்டேட் ஃபிலிம் அமிலம் விட்டுச் சுருங்கும். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது ஒலிக்கு வருகிறேன். படம் தொலைந்த பாகங்களிலும் ஒலி தொலையவில்லை. அந்த 97க்கும் முழு ஒலிப்பதிவு இருக்கிறது. ஒளிபரப்பான நேரத்தில் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் புண்ணியம். தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒலிபெருக்கி முன்னால் மைக்கை நீட்டியவர்களின் பதிவில் அறையின் எதிரொலி, கதவுச் சத்தம், கூடவே 10,125 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கீச்சு. அன்றைய 405 கோட்டுத் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படம், பெருக்கிப் பார். பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றி பாடுகிற சுருதி அது. பெட்டியின் ஒலிச் சுற்றிலிருந்தே கம்பி இழுத்துப் பதிவு செய்தவர்களின் நாடா வேறு ரகம், ஸ்டுடியோப் பிரதிக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே பாகத்துக்கு இரண்டு மூன்று பேரின் பதிவு இருந்தால், ஒன்றில் உள்ள ஓட்டையை இன்னொன்றால் அடைக்கலாம். ஆனால் வீட்டு ரெக்கார்டர்கள் ஒன்றைப் போல் ஒன்று ஓடாது. வேகத்தை ஒன்றாக்காமல் ஒட்டினால் நடு வாக்கியத்தில் டாக்டரின் குரல் அரைச் சுருதி ஏறும். தொடக்க இசையின் மூல நாடா பத்திரமாக இருப்பதால், பதிவின் வேகத்தை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.

ஆக, அன்று ஒளிபரப்பானதில் முழுசாக மிஞ்சியது ஒலி ஒன்றுதான். நடிகர்களின் மூச்சு, இடைவெளி, தடுமாற்றம் எல்லாம் அதில் இருக்கின்றன. அனிமேஷன் அதன்மேல் போர்த்திய சட்டை.

படத்துக்குப் பதிலாக இருப்பது டெலிஸ்னாப். ஜான் க்யூரா என்பவர் தொலைக்காட்சித் திரையையே புகைப்படம் எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். பாகத்துக்குச் சுமார் 60 என்று வை, 25 நொடிக்கு ஒன்று. ஒலியோடு சேர்த்துப் பார்க்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, படங்களைச் சம இடைவெளியில் ஓட்டுவது. அவர் கடிகாரம் பார்த்து எடுக்கவில்லை. புது முகமோ புது அரங்கமோ வந்தால் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார், நீண்ட உரையாடலில் விட்டிருப்பார். அதனால் எழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வசனத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பு. எல்லாக் கதைக்கும் டெலிஸ்னாப் இல்லை. மூன்றாம் சீசனில் ஒரு கட்டம் முழுக்க எடுக்கப்படவே இல்லை.

எதில் தொடங்குவது? "மார்க்கோ போலோ". 1964இல் வந்த ஏழு பாகம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் காதுக்கென்றே எழுதியது போல இருக்கும். பயணத்தை மார்க்கோ தன் நாட்குறிப்பிலிருந்து வாசிப்பார், திரையில் வரைபடத்தில் கோடு நகரும். படம் இல்லாமலே பாலைவனம் கண் முன் வரும். லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன்தான் இயக்குநர். தொடரின் முதல் கதையை இயக்கியவரும் அவரே. நான்காம் பாகத்தை மட்டும் ஜான் கிராக்கெட் இயக்கினார். டெலிஸ்னாப்கள் ஹுசைன் வைத்திருந்த தொகுப்பிலிருந்து வந்தவை என்பதால் அந்த நான்காம் பாகத்துக்கு மட்டும் படம் கிடையாது. அங்கே வந்ததும் உன் பிரதியில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே.

அடுத்து 1966இன் "தி மசாக்கர்", நான்கு பாகம். அசையும் படமும் இல்லை, டெலிஸ்னாப்பும் இல்லை. ஹார்ட்னெல் இதில் டாக்டராகவும் அம்புவாஸ் மடாதிபதியாகவும் வருகிறார். டாக்டராக இருக்கும்போது வரும் "ஹ்ம்ம்", வார்த்தைத் தடுமாற்றம் இவை மடாதிபதியின் குரலில் எங்கே போயின என்று கவனி. அவருக்கு வசனமே வராது என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

மூன்றாவது "தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்". இதைக் கேட்பதற்கு முன் "தி டென்த் பிளானட்" நான்காம் பாகம். அதுவும் தொலைந்ததுதான், ஆனால் டாக்டர் உருவம் மாறி, ஹார்ட்னெல் ட்ரௌட்டனாகிற அந்தச் சில நொடிகள் மட்டும், "புளூ பீட்டர்" என்ற சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துப் பயன்படுத்தியதால் பிழைத்துக்கொண்டன. பவர் ஆறு பாகம். அதன் நடுவில் ஒரு டாலெக், அதாவது டாக்டரின் உலோகக் கூட்டு எதிரிகளில் ஒன்று, மனிதர்களிடம் தன்னை வேலைக்காரன் என்று திரும்பத் திரும்பச் சொல்லும். விளக்கை அணைத்துவிட்டுக் கேள், நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஒலி மட்டும் போதாத கதையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1968இன் "ஃபியூரி ஃப்ரம் த டீப்". கடற்பாசி, நுரை, பேசாமல் நிற்கிற ஆட்கள். ஓக், குவில் என்ற இருவர் வாயைத் திறந்து நச்சுக் காற்றை ஊதும் காட்சியில் வசனமே இல்லை. நல்லவேளை, அந்தக் காட்சியே அசைகிற படமாக நம்மிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று வெட்டி எறிந்த துண்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடந்து 1996இல் கிடைத்தன. முழுப் பாகம் அழிந்துவிட்டது, காட்டக் கூடாது என்று வெட்டியது மட்டும் இருக்கிறது! அந்தத் துண்டுகளை முதலில் பார்த்துவிட்டு ஒலிக்குப் போ. ஒலித் தட்டு வாங்கும்போது இடையிடையே விவரணை சேர்த்த பதிப்பையே வாங்கு. விவரணை வேண்டாம் என்று வீரம் காட்டினால் இந்தக் கதையில் பத்து நிமிடத்தில் தொலைந்து போவாய்.

இதற்குப் பிறகு அனிமேஷன். பவர் 2016 நவம்பர் 5 அன்று, முதல் ஒளிபரப்புக்குச் சரியாக 50 ஆண்டு கழித்து அனிமேஷனாக வந்தது. கதை புரிய உதவும், மறுக்கவில்லை. ட்ரௌட்டன் முகத்தால் நடிக்கிற நடிகர், அதுதான் சிக்கல். பிறர் பேசும்போது அவர் புருவம் என்ன செய்கிறது என்பதில்தான் பாதிக் காட்சி இருக்கும். ஒலியில் அந்த இடம் மௌனம், உன் மனம் அதை நிரப்பும். அனிமேஷனில் அந்த இடத்தில் ஒரு பொம்மை இமைக்கும். பின்னால் வந்த சிலவற்றில் அகலத் திரைக்காகக் காட்சி அமைப்பையே மாற்றினார்கள். "தி மாக்ரா டெரர்" போன்றவற்றில் காட்சியைச் சுருக்கவும் செய்தார்கள். ஒரு கதையில் ஒன்றிரண்டு பாகம் மட்டும் குறையும்போது அந்த ஓட்டையை அடைக்க அனிமேஷன் நல்ல வழி. 2006இல் "தி இன்வேஷன்" முதலாம், நான்காம் பாகங்களுக்குச் செய்தது அதற்கு நல்ல உதாரணம்.

மிஞ்சிய பாகங்களின் தட்டு மங்கலாக, துள்ளித் துள்ளித் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். தட்டில் குறையில்லை, உன் கணினியில் இருக்கிறது. மூல வீடியோவில் நொடிக்கு 50 புலங்கள், அதாவது ஒன்றுவிட்ட கோடுகளால் ஆன அரைப்படங்கள். டெலிரெக்கார்டிங் அதை 25 ஃபிலிம் படமாக்கியதும் அந்த வழவழப்பான அசைவு போய்விட்டது. விட்ஃபயர் என்ற மென்பொருள் இரண்டு படங்களுக்கு நடுவே அசைவு எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, நடுப்புலத்தை உண்டாக்கி மறுபடி 50 ஆக்குகிறது. தூசியும் கீறலும் முதலில் நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் கீறலுக்கும் நடுப்படம் உண்டாகிவிடும். வெளிப்புறக் காட்சிகள் அன்றே ஃபிலிமில் எடுத்தவை, அவற்றை அப்படியே 25இல் விடுவார்கள். ஆகவே ஒரே பாகத்துக்குள் அசைவு மாறுவது பிழையல்ல. நீ செய்ய வேண்டியது: விஎல்சி பிளேயரில், புலங்களை முழுப்படமாக்குகிற டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையை "யாடிஃப் 2x" என்று வை. வெறும் யாடிஃப் வைத்தால் அது மறுபடி 25 ஆக்கிவிடும், இத்தனை பேர் பட்ட பாடும் வீண். டிவியில் போட்டுப் பார்த்தால் மோஷன் ஸ்மூத்திங்கை அணை, 4:3 விகிதப் படத்தை இழுத்து அகலமாக்காதே. நம் நாட்டு டிவிடி பிளேயர் மண்டலம் 5, பிரிட்டிஷ் தட்டு மண்டலம் 2. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் இல்லையென்றால் தட்டு உள்ளே போய்ச் சும்மா சுற்றும்.

ட்ரௌட்டனுக்கு அடுத்து டாக்டராக வந்த ஜான் பெர்ட்வீ காலத்து நிறம் பற்றிக் கேட்டிருந்தாய். 1970 முதல் எல்லாம் வண்ணத்தில் எடுத்தவை. சிலவற்றின் வண்ண நாடா அழிந்து கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் மிஞ்சியது. "த டீமன்ஸ்" கதைக்கு அமெரிக்க ஒளிபரப்பிலிருந்து ஒருவர் வீட்டில் பதிவு செய்த நாடாவின் நிறத்தை எடுத்து, ஃபிலிமின் கூர்மையான கறுப்பு வெள்ளை மேல் பூசினார்கள். நிறத்தின் நுணுக்கத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அதனால் மங்கிய நிறமே போதும். "தி மைண்ட் ஆஃப் ஈவில்" இன்னும் விசித்திரம். டெலிரெக்கார்டிங் எடுத்தபோது வண்ணச் சைகையை வடிகட்டாமல் விட்டதால், 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை நுண்ணிய புள்ளிகளாக ஃபிலிமிலேயே பதிந்திருந்தது. ஃபிலிமை உயர் துல்லியத்தில் ஸ்கேன் செய்து, அந்தப் புள்ளிகளிலிருந்தே நிறத்தைத் திரும்பக் கணக்கிட்டார்கள். ஃபிலிம் ஒரு இம்மி நெளிந்திருந்தாலும் அலையின் கட்டம் தவறும், நிறம் பிசகும். 2 முதல் 6 வரை இப்படித் தேறியது. முதல் பாகத்தில் புள்ளியே இல்லை. அதற்குக் கையால்தான் வண்ணம் தீட்ட வேண்டியிருந்தது. 2013இல் தட்டு வந்தது. முதல் பாகம் முடிந்து இரண்டாவது தொடங்கும்போது முகங்களின் நிறத்தைப் பார், வித்தியாசம் பிடிபடுகிறதா என்று சொல்.

இன்னொரு விஷயம். சைபர்மென் கதை தொலைந்திருந்த காலத்தில் காவியம் என்று பேசப்பட்டது. கிடைத்ததும், ஆளைத் தூக்குகிற கம்பி திரையில் தெரிகிறதே என்று சிலருக்கு முகம் தொங்கிப்போனது. "எனிமி"யை யாரும் கண்டுகொள்ளவில்லை. முழுசாகக் கிடைத்ததும், டாக்டராகவும் வில்லன் சாலமண்டராகவும் ட்ரௌட்டன் இரண்டு வேஷத்தில் வெளுத்துக்கட்டுவதைப் பார்த்து எல்லோரும் வாயடைத்தார்கள். ஆகவே "இது மொக்கை, இது அற்புதம்" என்று பட்டியலிடுகிற பழைய புத்தகங்களை நம்பி எதையும் தள்ளிவிடாதே.

மார்க்கோ போலோவை ஒரு நாளைக்கு ஒரு பாகமாகக் கேள், ஒரேயடியாக ஏழையும் விழுங்காதே. ஒவ்வொரு பாகமும் அந்தரத்தில் முடிவது அடுத்த சனிக்கிழமைக்காக. நான்காம் பாகம் தாண்டியதும் எழுது.

அன்புடன்,
சேது