பிளொப்பிகளை நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் பழைய கொம்பியூட்டரோடு, சப்பாத்துப் பெட்டி நிறைய பிளொப்பிகளையும் (அந்தக் காலத்தில் ஃபைல்களைச் சேமித்த மெல்லிய டிஸ்குகள்) இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் காணும்போது சைக்கிள் சந்தியைத் தாண்டிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

1995 தொடக்கம் இங்கு கல்வெட்டு (செத்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்), கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ் என்று ரைப் செய்து சீவித்தவன் நான். 486 கொம்பியூட்டர், 8 மெகாபைட் ராம், விண்டோஸ் 3.1, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 5, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துரு. டிஸ்க் நிறைந்தால் பழையவற்றை, அப்போது மலிவாய்க் கிடைத்த ஐந்தேகால் அங்குல பிளொப்பிக்கு மாற்றிவிடுவேன். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டில் தேவாரம், புலம்பலோடு வம்சாவளியும் இருக்கும். 2004 மார்கழியில் கடல் வந்தபோது எத்தனையோ வீடுகளில் அந்தப் பிரதிகள் போய்விட்டன. அண்மையில் கனடாவிலிருந்து ஒரு பிள்ளை கேட்டா: “மாமா, அப்பம்மாட 1997 கல்வெட்டு உங்களிட்ட இருக்குமோ?”

ஹார்ட் டிஸ்கை முன்பே இமேஜாக (முழு டிஸ்கின் பிரதியை ஒரே ஃபைலாக) எடுத்து, லப்டொப்பில் பழைய கொம்பியூட்டரைப் போல நடிக்கும் எமுலேற்றர் என்ற மென்பொருளுக்குள் ஓட்டி வந்தேன். அதே திரை, அதே பேஜ்மேக்கர். ஆனால் எமுலேற்றருக்கு வாய் இல்லை. பிளொப்பியை எங்கே தள்ளுவது? யூஎஸ்பி பிளொப்பி டிரைவும் மூன்றரை அங்குலத்தோடு சரி. கட்டிலுக்குக் கீழே கிடந்த 486 ஐத்தான் எழுப்ப வேண்டியதாயிற்று.

மதர்போர்ட் பற்றறி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. கசிவது காரம் என்பதால் தேசிக்காய்ப் புளியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் கழுவினேன். ராமை இரட்டிப்பாக்கினேன், உப்புக் காற்றில் கறுத்த முனைகளை அழிறப்பரால் தேய்த்த பிறகே 16 மெகாபைட்டும் எண்ணப்பட்டது. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. கலியாணப் படம் எடுக்கிற தம்பி ஒருவர் லாச்சிக்குள் போட்டிருந்த 512 மெகாபைட் கொம்பக்ட் பிளாஷ் கார்டை (கமராவில் போடும் மெமரி கார்ட்) அதற்குப் பதிலாகப் பூட்டினேன். பெரிய கார்டும் தந்தார்தான். ஆனால் கொம்பியூட்டரை எழுப்பும் என் பயோஸ், டிஸ்கின் இடத்தை அளக்கும் கணக்கில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணாது. 504 மெகாபைட்டோடு நின்றுவிடும். (கார்டில் போட்டிருக்கும் 512 என்பது ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு, பயோஸின் 504 என்பது 1024, 1024 ஆக எண்ணியது. ஆகவே அடங்கியது.)

பேஜ்மேக்கர் டிஸ்குகளில் பூஞ்சணம். எல்லாம் எமுலேற்றரிலிருந்தே வரவேண்டும். இமேஜை அப்படியே கார்டில் எழுதினேன். சிலிண்டர் கணக்கு ஒத்துவராமல் பூட் ஆகவில்லை. 486 இலேயே கார்டில் பகுதி பிரித்து ஃபோர்மட் செய்து, லப்டொப்பில் ஃபைல்களை மட்டும் அதில் போட்டதும் விண்டோஸ் எழும்பியது. இடையில் ஒரு மடைத்தனமும் செய்தேன். எமுலேற்றர் ஓடும்போதே வெளியிலிருந்து இமேஜுக்குள் ஃபைல் போட, எந்த ஃபைல் எங்கே என்று குறிக்கும் அட்டவணை குழம்பி ஒருவரின் தேவாரத்துக்குள் இன்னொருவரின் கலியாணம் வந்து நின்றது. வேறு பிரதி இருந்ததால் தப்பினேன்.

பலர் பழைய ஃபைலைத் திறந்துவிட்டு, ஆங்கில எழுத்துக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிந்திருக்கும். அது பழுதல்ல, எழுத்துருவை மாற்றினால் அம்மா வந்துவிடுவா. இன்று எங்கும் புழங்கும் யூனிகோட் தமிழுக்கு மாற்றும் கருவிகளும் இணையத்தில் இலவசமாக உண்டு.

‘நூலகம்’ இணையத்தளத்தார் அச்சான நினைவு மலர்களை ஸ்கான் செய்து வைக்கிறார்கள். அச்சுப் பிரதியே இல்லாதவற்றுக்கு டிஸ்கை விட்டால் வேறு கதியில்லை. பழைய டிரைவ்கள் பூட்டிய ஒரு கொம்பியூட்டரையாவது எங்கள் ஊர் வாசிகசாலை ஒன்றில் வைக்கக்கூடாதா? இந்த வேலையைப் படங்களோடு விளக்கி உங்கள் பத்திரிகையில் ஒருமுறை போட்டாலும் பெரிய உதவி.

அப்பம்மாவின் கல்வெட்டு ஏழாவது பிளொப்பியில் கிடைத்தது. வம்சாவளியில் மூத்த மகளின் பெயரில் ஒரு ‘ள’ பிழை. அன்று நான் விட்டது. அதைத் திருத்தித்தான் கனடாவுக்கு அனுப்பினேன்.

இப்படிக்கு,
பழைய ரைப்செற்காரன்,
உவர்மலை, திருகோணமலை.