நகர் குடியிருப்போர் நலச் சங்கம், காரைக்கால்: செயலாளரின் ஆண்டறிக்கை 2022–23

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல இருப்பது காலரா பற்றித்தான்.

மாங்கனித் திருவிழா நெருங்கிய நேரம் அது. வாந்தி பேதி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தினமும் கூடிக்கொண்டே இருந்தார்கள். 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குக் காலரா உறுதியானது. 2022 ஜூலை 3ஆம் தேதி பொது சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளி கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றார்கள்.

நாம் வீடு வீடாகப் போனோம். எல்லா வாசலிலும் ஒரே பதில்: "நாங்க கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்." என் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் என் அம்மா படுத்துவிட்டார். காரணம் அடுப்படியில் இருந்தது. இரவு மிஞ்சிய சோற்றில் ஊற்றியது குழாய்த் தண்ணீர். மோருக்கு விட்டதும், தம்ளர் அலசியதும், வாய் கொப்பளித்ததும் அதே தண்ணீர்தான். ஆறிக் கிடக்கும் சோற்றில் இந்தக் கிருமி பெருகவும் செய்யும். அதனால் அடுத்த நாளிலிருந்து நம் கேள்வியை மாற்றினோம். "என்ன குடிக்கிறீங்க" என்று கேட்கவில்லை, "பழையசோத்துக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க" என்று கேட்டோம். பல வீடுகளில் பதில் வரவில்லை. ஆறவைத்த தண்ணீரைக் குடத்தில் கைவிட்டு மொள்ளாமல் பிடிவைத்த சொம்பால் எடுக்கவும், விழாவில் இறைக்கும்போது பிடித்த மாம்பழத்தை அந்தத் தண்ணீரில் கழுவித் தோல் சீவியே பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் சொன்னோம்.

அம்மா கூச்சப்பட்டு ஐந்தாறு தடவை போன பிறகே சொன்னார். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனது. "பேதி நிக்கிற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் உயிரை எடுக்கிற பேச்சு. காலராவில் ஆளைக் கொல்வது உடம்பு வற்றிப்போவதுதான். ஓஆர்எஸ், அதாவது வற்றிய உடம்புக்கு நீரேற்றும் உப்பு சர்க்கரைத் தூள், பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையா, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அம்மாவுக்குக் கண் உள்ளே போய், சிறுநீரும் நின்றது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டே போனேன். சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஓர் இரங்கல். டாக்டர் திலீப் மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோக, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னவர் அவர். அங்கே சாவு மளமளவென்று குறைந்தது. அந்த ஆட்டோவில் நான் ஊட்டியதும் அவர் காட்டிய வழிதான். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், மோட்டார் விஷயம். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்தே வரும். ஒரு வீடு உறிஞ்சுவது தெருவுக்கே வினையாகிறது. இன்னும் எடுக்காதவர்கள் இந்த மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். சண்டை போடாமல், உரிமையோடு கேட்கிறேன்.

பொதுத் தொட்டியைக் கழுவி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே திறந்துவிடுகிறோம். இந்த வேலைக்கு மாதம் இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்