மாறிப்போன மஞ்சள் பை

கே. புதூர், மதுரை
ஆடி 6

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

போனைக் கையில் வாங்கினால் “சாப்பிட்டியா” என்பதற்கு மேல் எனக்குப் பேச வராது. உனக்கே தெரியும். அதனால்தான் மாவு மில்லைச் சாத்திவிட்டு, கல்லாப்பெட்டி மேலேயே வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று ராத்திரி நீ அம்மாவிடம் பேசியதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். 1,200 பனியனில் எல் சைஸுக்கு எம் லேபிளும், எம்முக்கு எல்லும் மாறிப் போய்த் தைக்கக் கொடுத்தது உன் கையால் நடந்தது என்றாய். கம்பெனியில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்கள் என்றாய். இனிமேல் அந்த செக்‌ஷனுக்குள் எந்த முகத்தோடு போவது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், மில்லைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தம்பி, இந்த மில்லில் 2004இல் நடந்த ஒன்றை உனக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை. உனக்கு அப்போது நாலு வயது. அன்றைக்கு டிவிஎஸ் 50இல் என் முன்னால் நின்றுகொண்டு நீயும் வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லை.

ஒரு வியாழக்கிழமை. மேலமடைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து மல்லி மூன்று கிலோ வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாண்டி கோயிலில் பேரப்பிள்ளைக்குக் காது குத்து, சமயக் கருப்பனுக்குக் கிடா வெட்டு, சாப்பாட்டுக்கு நூற்றைம்பது பேர். அதே நாளில் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு ஆச்சி சீயக்காய் கொடுத்து அனுப்பியிருந்தார். நல்ல சீயக்காய். அதில் பூலாங்கிழங்கு, வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த எலுமிச்சைத் தோல், பூந்திக்கொட்டை எல்லாம் சேர்த்து, வெயிலில் முறுகக் காயவைத்து, ஒடித்தால் சடக்கென்று ஒடிகிற பக்குவத்தில் இருந்தது.

அரவையில் நான் தவறவில்லை. வெள்ளை மாவுக்குக் கல் மிஷின், மசாலாவுக்குப் பல்வரைசர் மிஷின் என்று உன் தாத்தா காலத்திலிருந்தே பிரித்துத்தான் ஓட்டுகிறோம். மல்லி, மிளகாய் எல்லாம் முடிந்து கடைசியில்தான் சீயக்காய். அது முடிந்ததும் சல்லடையைக் கழற்றித் துடைத்து, குருணை போட்டு இரண்டு தடவை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அன்றைக்கும் அப்படியே செய்தேன்.

அரைத்த தூள் சூடாக இருக்கும். உடனே பையில் கட்டினால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும் என்று பேப்பரில் பரப்பி ஆறவைத்தேன். மல்லித்தூள் ஒரு பக்கம், சீயக்காய்த்தூள் ஒரு பக்கம். அந்தந்தக் குவியலுக்குப் பக்கத்தில் அந்தந்தப் பை. கரண்ட் போய்விட்டது. பெரிய பல்லி ஒன்று மேலே ஓடியதால் பேப்பர்களை இழுத்து உள்ளே நகர்த்தினேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு தூளும் ஒரே நிறம். முகர்ந்தால் தெரியாதா என்று நீ கேட்பாய். காலையிலிருந்து மிளகாய் அரைத்தவன் மூக்குக்கு அந்நேரம் எந்த வாசனையும் எட்டாது.

பையைப் பார்த்தாவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அதற்கு முந்தின மாதம் ஒரே கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள். இரண்டும் அந்தக் கல்யாணத்துத் தாம்பூலப் பை. அதே மஞ்சள், அதே மாப்பிள்ளை பெண் பெயர், அதே சிவப்பு எழுத்து.

ஆச்சி வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்க நுரையே வரவில்லை. எண்ணெயும் போகவில்லை. “இது சீயக்காயே இல்லடி, தலை பூரா குழம்பு வாசம் அடிக்குது” என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். மாமியார் எதிலும் ஒரு குறை சொல்வார்தானே என்று அந்தப் பெண் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே யாராவது மில்லுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்திருக்காது. அந்தப் பெண்ணையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். மேலமடை வீட்டுப் பையன் ஒருவன் பைக்கில் வந்து மூச்சு வாங்க நின்றான். “மாமா, குழம்பு பொங்குது, நிக்கவே மாட்டேங்குது. சமையல்காரர் உங்க மல்லித்தூளத்தான் சொல்றாரு” என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அலமாரியில் ஆச்சிக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்த சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்தேன். மல்லி. கை நடுங்கியது. நீ விடாமல் அழுததால் உன்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அம்மா அவன் பைக்கில் பின்னால் வந்தாள்.

பாண்டி கோயில் மரத்தடியில் இரண்டு அண்டா அடுப்பில் இருந்தன. ஒன்றில் கறி வெந்துகொண்டிருந்தது, அதற்கு இன்னும் மசாலா போடவில்லை. இன்னொன்றில் நுரை, விளிம்புக்கு மேலே ஒரு முழம். கறி கொதிக்கும்போது முதலில் நுரை கட்டுவதும் அதை எடுத்துப்போடுவதும் வழக்கம்தான் என்பதால் அந்தச் சமையல்காரர் கரண்டி கரண்டியாக வழித்துப் போட்டிருக்கிறார். வழிக்க வழிக்க, கிண்டக் கிண்ட, அது கூடியதே தவிரக் குறையவில்லை. நுரை வழிந்து விறகில் இறங்கி அடுப்பு பாதி அணைந்து, ஒரே புகை. ஒரு பெரியவர் இது சாமி குத்தம் என்று சொல்லிவிட்டார். பூசாரியைக் கூப்பிட ஒரு ஆள் ஓடியிருந்தது. காது குத்த வேண்டிய குழந்தை ஒரு பக்கம் அழுகிறது. சமையல்காரரை நாலு பேர் சூழ்ந்துகொண்டு, அண்டாவைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அலசவில்லையா என்று பிடித்து உலுக்காத குறை. அவர் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வருஷமாகச் சமைக்கிற மனிதர், வாய் பேசாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வண்டியை நிறுத்தும் முன்னாலேயே நீ இறங்கி ஓடினாய். அந்த அண்டாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாய்: “அப்பா! குழம்பு தலைக்குக் குளிக்குது!”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தச் சமையல்காரர்தான் முதலில் சிரித்தார். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவரைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். சாமி குத்தம் என்ற பெரியவரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு கொடுத்த இடைவெளியில்தான் எனக்குப் பேச்சு வந்தது. “தப்பு என்னோடது. பையை மாத்திக் கொடுத்துட்டேன். இதுல இருக்குறது சீயக்காய். சமையக்காரர் மேல ஒன்னும் இல்ல” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

திட்டினார்கள், தம்பி. திட்டாமல் இருப்பார்களா? அந்த வீட்டு மூத்தவர் என்னைச் சொல்லாத வார்த்தை இல்லை. அவருக்கு அது முதல் பேரன்.

அந்த அண்டாவை அப்படியே குழியில் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு கிடாக் கறி மொத்தமும் போச்சு. நான் திரும்ப மில்லுக்கு ஓடி, மல்லி வாங்கி வறுத்து, இரண்டு கிலோ புதிதாக அரைத்துக் கொண்டுவந்தேன். வரும் வழியில் 150 முட்டை வாங்கி வந்தேன். அவித்த முட்டையைச் சுற்றி உட்கார்ந்து உரித்தது யார் தெரியுமா? நான், உன் அம்மா, அந்தச் சமையல்காரர், என்னைத் திட்டிய அந்த மூத்தவர். நீ ஓட்டைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு தட்டில் சேர்த்தாய். மிச்சமிருந்த ஒரு அண்டாக் குழம்பும் ஆளுக்கு ஒரு முட்டையுமாக, மூன்று மணிக்குப் பந்தி போட்டார்கள். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை.

சாயங்காலம் ஆச்சி வீட்டுக்கும் போனேன். வேறு சீயக்காய் வாங்கி அரைத்துக் கொண்டுபோய் வைத்தேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மஞ்சள் பை மட்டும் திரும்ப வேண்டும், அது தம்பி பேத்தி கல்யாணத்துப் பை என்றார். அது பாண்டி கோயிலில் இருந்தது. மறுநாள் தேடி எடுத்துத் துவைத்துக் கொடுத்தேன்.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். திங்கள்கிழமை நான் மில்லைத் திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை, புதனும் திறக்கவில்லை. ஊர் பூரா இதே பேச்சாக இருக்கும், எவர் நம்பிப் பொருள் கொடுப்பார், மிஷினை விற்றுவிட்டு எங்காவது சம்பளத்துக்குப் போய்விடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா சொல்லிப் பார்த்தாள். நான் அசையவில்லை. வியாழக்கிழமை காலையில் அப்பத்தா இரண்டு கிலோ பச்சரிசியை நனைத்து உலர்த்தி ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய், மில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. புட்டு மாவு அரைக்க வந்திருக்கிறேன், மில்லுக்காரர் எப்போது வருவார் என்று என்னிடமே ஆள் விட்டுக் கேட்டது. பெற்ற தாயை வெயிலில் உட்காரவைக்க முடியுமா? போய்த் திறந்தேன். அதை அரைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் கோதுமையோடு வந்து நின்றார். யாரென்று பார்த்தால் என்னைத் திட்டிய மேலமடைப் பெரியவர். இன்றைக்கு வரைக்கும் அந்த வீட்டு அரவை நம் மில்லில்தான். போன தையில், அன்று காது குத்திய அந்தப் பேரன் கல்லூரிச் சேர்க்கை பற்றி உன் நம்பரை வாங்கிக்கொண்டு போனானே, அவன் யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்துதான் மில்லில் தகர வில்லை வைத்தேன். ஒரே நம்பரில் இரண்டு வில்லை. ஒன்று பையில், ஒன்று ஆளின் கையில். சின்ன வயதில் நீ அதை வைத்துத்தான் பஸ் கண்டக்டர் விளையாட்டு விளையாடுவாய். உங்கள் செக்‌ஷனிலும் லேபிள் கட்டுக்கு அப்படி ஏதாவது செய்யலாமா என்று யோசித்துப் பார். எம்முக்கு ஒரு நிற நூல், எல்லுக்கு ஒரு நிற நூல் என்று கட்டிவைத்தால் ராத்திரி ஷிப்டில் தூக்கக் கண்ணோடு எடுப்பவர்களுக்கும் தெரியும். உனக்கு இதைவிட நல்ல வழி தோன்றலாம். வேலை தெரிந்தவன் நீ.

இன்னொன்று. தப்பு தெரிந்ததும் நீயும் டெய்லர்களோடு உட்கார்ந்து இரண்டு ராத்திரி லேபிள் பிரித்தாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு முட்டை ஓடு பொறுக்கிய பிள்ளை.

அம்மா தன் கதையையும் எழுதச் சொல்கிறாள். சித்திரையில் அழகர் வந்தபோது எதிர்சேவைக்கு அவள் வழக்கம்போல் எவர்சில்வர் சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாயைக் கட்டி, அதன் மேல் சூடம் ஏற்றிக் கொண்டுபோனாள். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று வீட்டுச் சாவியைச் சர்க்கரைக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். எனக்கும் சொல்லவில்லை. சாமி பார்த்துவிட்டு விடிகாலை வீட்டுக்கு வந்து சர்க்கரையைத் தட்டில் கொட்டினால் சாவி இல்லை. சொம்பைத் திருப்பிப் பார்த்தால் வேறு யாரோ பேர் வெட்டியிருக்கிறது. நாங்கள் மூவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்குத் தெருக்கோடி வீட்டு அக்கா நம் சொம்போடு வந்தாள். அவள் பேரன் சர்க்கரை தின்னும்போது பல்லில் சாவி தட்டியிருக்கிறது. பல் ஆடவில்லை, நல்ல வேளை. இப்போது அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

ஆடிக் கூழுக்குக் கம்பும் கேழ்வரகும் வந்து குவிகிறது, மில்லில் நிற்க நேரமில்லை. பெல்ட் மாற்ற வேண்டும். நீ வந்து பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, ஆள் இருக்கிறது. ஆனால் ஆடிப் பௌர்ணமிக்கு அழகர்கோயில் தேருக்கு இரண்டு நாள் லீவு போட்டு வா. அப்பத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறது. லீவு போட்டு வா, விட்டுவிட்டு வராதே.

மாமா ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறுகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு மல்லித்தூள் ஒரு கிலோ, மிளகாய்த்தூள் அரைக் கிலோ, சீயக்காய்த்தூள் அரைக் கிலோ கொடுத்து அனுப்புகிறேன். தனித்தனி டப்பா, மூடியிலும் அடியிலும் அம்மா பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள். இருந்தாலும் திறந்ததும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பில் போடு.

அன்புடன்,
அப்பா